சாணுக்கு ஒரு செடி

மாசி 1, வியாழன்

உரக்கடையில் கொடுத்த டைரி இது. முதல் பக்கத்தில் பிள்ளையார், இரண்டாம் பக்கத்தில் கடைக்காரர், மூன்றாம் பக்கத்தில் பூச்சி மருந்து டப்பா. நாலாம் பக்கத்திலிருந்து எனக்கு விட்டிருக்கிறார்கள்.

எழுதச் சொன்னது என் மகள் மேகலா. திருச்சியில் பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் மீடியா படிக்கிறாள். இது கடைசி வருஷம். ஆளுக்கு ஒரு படம் எடுத்துக் காட்ட வேண்டுமாம். சினிமா மாதிரி இல்லை, ஏழு நிமிஷம்தான். ஏதாவது ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து எடுக்க வேண்டும். இவள் எடுத்துக்கொண்டது நான் எள் விதைக்கிற வேலை. எந்தத் தேதியில் விதைத்தோம், எப்போது முளைத்தது, எப்போது பூத்தது என்று எழுதி வை, படத்தில் போட வேண்டும் என்றாள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மீதி எழுத்தை அறிவொளி வகுப்பில் பிடித்துக்கொண்டேன். அந்த வகுப்பில் சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். சைக்கிள் மறந்துவிட்டது, எழுத்து நிற்கிறது.

இன்று எங்கள் புன்செய்க் கொல்லையில் உழவு. வெள்ளாட்டுக்குக் கழிச்சல்.

மாசி 3, சனி

எள் விதைத்தோம்.

விடியும்போதே மேகலா என்னை எழுப்பிவிட்டாள். நேற்று சாயங்கால பஸ்ஸில் வந்தவள். ஹாஸ்டலில் எட்டு மணி வரை தூங்குகிற பிள்ளை. வெளிச்சம் இப்போதுதான் நல்லதாம், வெயில் ஏறினால் முகம் கறுத்து விழுமாம். என் முகத்தில் இனி கறுக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். புடவையை மாற்றச் சொன்னாள். மாற்றினேன். பிறகு பழையதே நன்றாக இருந்தது என்றாள். அதையும் மாற்றினேன்.

படம் பிடித்தது என் போனில். என் தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. அவள் போனைவிட இதில் தெளிவாக விழுகிறதாம். நல்ல போன்தான், ஆனால் எனக்கு அது டார்ச் லைட்டுக்கும் தம்பியோடு பேசவும்தான்.

எள்ளை அப்படியே வீச முடியாது. பேன் மாதிரிச் சின்னது, கையை விட்டால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஒரு பங்கு எள்ளுக்கு நாலு பங்கு மணல் கலந்து வீச வேண்டும். நான் மணல் கலந்ததை ஆறு தடவை எடுத்தாள். வீசியதைப் பதினொரு தடவை எடுத்தாள். பதினொரு பாத்தி, பதினொரு தடவை. பன்னிரண்டாவது தடவையும் கேட்டாள். விதை தீர்ந்துவிட்டது. சும்மா வெறுங்கையை வீசு, தூரத்திலிருந்து எடுத்தால் தெரியாது என்றாள். மாட்டேன் என்றுவிட்டேன். விதைக்கிற மண்ணில் வெறுங்கை வீசக் கூடாது. எங்கள் வீட்டில் யாரும் வீசியதில்லை. என்ன கேட்டாலும் செய்வேன், அது மட்டும் செய்ய மாட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கஞ்சி குடித்ததும் சரியாகிவிட்டாள். அதையும் எடுத்தாள், நான் கஞ்சி குடிப்பதை, நாலு தடவை. நாலாவது தடவை எனக்குப் பசியே இல்லை.

மாசி 4, ஞாயிறு

என் நாத்தனார் அலமேலு வந்தாள். போன பாட்டில் நேற்றுக் கஞ்சியோடு தீர்ந்துவிட்டது என்று இன்னொரு பாட்டில் மாவடு ஊறுகாய் கொண்டுவந்தாள். அவள் ஊறுகாய் போடுகிற கை அருமையான கை. வாய்தான் கொஞ்சம் புளிப்பு. மூணு வருஷம் படித்து இந்தப் பிள்ளை கல்யாண வீட்டில் படம் பிடிக்கப் போகிறதா என்று கேட்டாள்.

மேகலாவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அத்தைக்காரியின் போனை வாங்கி, அதில் ஓடிய தலைமுடி எண்ணெய் விளம்பரத்தைக் காட்டினாள்.

"இதுல பேசுற பேச்ச ஒருத்தர் எழுதுனாரு அத்தை. ஒருத்தர் புடிச்சாரு. ஒருத்தர் வெட்டி ஒட்டுனாரு. சத்தம் சேத்தது ஒருத்தர். கீழ எழுத்து ஓடுதே, அது ஒருத்தர். இத யாரு போனுக்கு அனுப்பணும்னு உக்காந்து பாக்குறது இன்னொருத்தர். ஒங்களுக்கு முடி கொட்டுதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க."

அலமேலு கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பொம்மைப் படம் வரைகிறவர்கள், விளையாட்டு செய்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பாடம் எடுத்துக் கொடுக்கிறவர்கள் என்று மேகலா இன்னும் நிறையச் சொன்னாள். அவளுக்குப் பிடித்தது வெட்டி ஒட்டுகிற வேலை. எல்லோரும் எடுத்துக் கொட்டியதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிப்பது. புடைக்கிற வேலை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பங்குனி 28 அன்று எல்லோர் படத்தையும் போட்டுக் காட்டுவார்களாம். சென்னையில் பள்ளிக்கூடத்துக்குப் பாடப் படம் செய்கிற கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வருவார்களாம். போன வருஷம் இரண்டு பேரை வேலைக்குக் கூட்டிப்போனார்கள். படம் கொடுக்காதவர்களுக்குப் பாஸ் கிடையாது, இன்னொரு வருஷம் உட்கார வேண்டும்.

கிளம்பும்போது வரப்பில் ஒரு செங்கல் வைத்தாள். தினமும் காலையில் போனை இதன் மேல் சாய்த்து ஒரு நிமிஷம் எடு, செடி வளர்வது தெரியும் என்றாள். அவளுடைய லேப்டாப் திருச்சியில் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறது. அது வந்ததும் போனில் இருப்பதை எல்லாம் அதில் ஏற்றிக்கொள்வாளாம். மொத்தம் எழுபத்து நாலு துண்டுப் படம்.

பஸ் ஏறும்போது ஊறுகாய்ப் பாட்டிலை மறந்துவிட்டாள். கூப்பிட்டேன், காதில் விழவில்லை.

மாசி 9, வெள்ளி

எள் முளைத்தது. ஒரு நிமிஷம் எடுத்தேன்.

மாசி 13, செவ்வாய்

இன்றைய ஒரு நிமிஷத்தில் முக்கால் நிமிஷம் ஆடுதான் இருக்கிறது. அது செங்கல்லை முகர்ந்து பார்த்து, போனை முகர்ந்து பார்த்து, நக்கிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். கழிச்சல் நின்றுவிட்டது, அதனால்தான் இந்த ஆட்டம்.

மாசி 19, திங்கள்

எள் கலைக்க ஆரம்பித்தோம். என்னதான் மணல் கலந்து வீசினாலும் எள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டுதான் முளைக்கும். அப்படியே விட்டால் எல்லாமே நோஞ்சானாக நிற்கும், ஒன்றும் காய்க்காது. சாணுக்கு ஒரு செடி வைத்துவிட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். மனசு கேட்காது. பிடுங்குவதும் நல்ல செடிதான். ஆனால் கை கேட்கும். குனிந்துகொண்டே போனால் எதை வைப்பது என்று கை தானே சொல்லிவிடும்.

மாசி 20, செவ்வாய்

இன்று பெரிய வேலை ஒன்று முடித்தேன்.

காலையில் செங்கல்லில் சாய்த்தால் போன் எடுக்க மாட்டேன் என்கிறது. இடமில்லை என்று எழுத்து வருகிறது. மேகலாவுக்கு இந்த வாரம் பரீட்சை, வகுப்பில் இருக்கும்போது கூப்பிடாதே என்று போன மாதம்தான் சொன்னாள். நானே பார்த்துக்கொள்வோம் என்று மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்தேன்.

அவள் எடுத்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரே வேலை பதினொரு தடவை இருக்கிறது. ஒரே கஞ்சி நாலு தடவை. இடம் எப்படி இருக்கும்? கலைக்காத எள் மாதிரி இடித்துக்கொண்டு கிடக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு படித்த பிள்ளைக்கு இது தெரியவில்லையே.

நேற்றுக் கொல்லையில் செய்ததையே இதிலும் செய்தேன். ஒவ்வொரு வேலைக்கும் நல்லதாக ஒன்று வைத்தேன். விதை வீசுவதில் கடைசியில் "அய்யோ, நெருஞ்சி" என்று ஒரு குரல் வந்து, படம் ஆடி, வானம் தெரிகிறதே, அதை வைத்தேன். அந்த வானம் நன்றாக நீலமாக இருந்தது. மணல் கலப்பதில் முறத்தின் மேல் கொண்டை நிழல் விழுகிற ஒன்று. மடையில் அவங்கப்பா வழுக்கியதும் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வருகிற ஒன்று. கஞ்சி குடிப்பதில் ஒரு கை குறுக்கே வந்து மாவடுவை எடுத்துக்கொண்டு போகிறது, அதை வைத்தேன். ஊறுகாயின் நிறம் நன்றாக விழுந்திருந்தது.

பதிமூன்று வைத்தேன். அறுபத்தொன்று எடுத்துவிட்டேன். எடுத்ததெல்லாம் குப்பைத் தொட்டி என்ற ஒன்றில் போய் உட்கார்ந்திருந்தது. வீட்டைப் பெருக்கிவிட்டுக் குப்பையை வாசலிலேயே வைப்போமா? அதையும் காலி செய்தேன். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாகத்தான் என்று அழுத்தினேன்.

பிறகு போன் சமர்த்தாக ஒரு நிமிஷம் எடுத்தது.

மாசி 24, சனி

மேகலா பேசினாள். பரீட்சை நன்றாக எழுதினாளாம். இரண்டு வாரத்தில் லேப்டாப்போடு வருகிறாளாம். அவள் கூட்டாளி ஒருத்தி எடுத்து வைத்த படம் அழிந்துபோய், மறுபடி எடுக்கவும் முடியாமல், இந்த வருஷம் படமே கொடுக்க முடியாத நிலையில் அழுதுகொண்டிருக்கிறாளாம். வெட்டுவதற்கு நிறைய இருந்தால்தான் படம் நிற்குமாம். ஒரே வேலையைப் பத்துத் தடவை எடுப்பது அதற்குத்தானாம். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் சேர்த்து ஒன்றாக்குவார்களாம்.

"நம்ம போன்ல எல்லாம் பத்திரமா இருக்குல்லம்மா?"

"பத்திரமா இருக்குடி."

மாசி 25, ஞாயிறு

தண்ணீர் பாய்ச்சினேன்.

மாசி 27, செவ்வாய்

அவங்கப்பாவிடம் சொன்னேன். டிராக்டருக்கு அடியில் படுத்துக்கொண்டு ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாததால் காலைப் பார்த்துச் சொன்னேன். கால் விரல் இரண்டு தடவை மடங்கி நிமிர்ந்தது. பிறகு, போன் கிணற்றில் விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம், அதற்கு யாரையும் திட்ட முடியாது என்றார். அதற்கு நிஜமாகவே கிணற்றில் போட வேண்டுமே என்றேன். போடு என்றார்.

போன் போனால் போகட்டும். உள்ளே பதிமூன்று இருக்கிறதே.

பங்குனி 1, சனி

மேகலா கூப்பிட்டாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். வெயில் அதிகம் என்று சொன்னேன். ஆட்டுக்குப் பசி அதிகம் என்று சொன்னேன். அலமேலுவுக்கு முடி கொட்டுவது நிற்கவில்லை என்று சொன்னேன். "வேற என்னம்மா?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

பங்குனி 5, புதன்

இன்று ஒரு காரியம் செய்தேன். எழுதவே கை வரவில்லை.

விதைப்பதை மறுபடி எடுத்துவிட்டால் என்ன என்று இரண்டு நாளாக யோசனை. எள் இடுப்புக்குக் கீழே வளர்ந்து நிற்கிறது, அந்தக் கொல்லையில் முடியாது. மேற்கே தரிசாகக் கிடக்கிற துண்டில் எடுக்கலாம். எள்ளோடு மணல் கலப்பதுதானே, மணலை மட்டும் வீசினால் போனுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்குக் கட்டிய பழைய புடவையைக் கட்டிக்கொண்டேன். அவங்கப்பா போனைப் பிடித்தார். இப்படிப் பிடிங்க, அப்படிப் பிடிங்க என்று மேகலா மாதிரியே நான் சொல்ல, சொன்னது போதும், வீசு என்று அவர் சொல்ல, பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

மணலை அள்ளிவிட்டேன். வீசக் கை வரவில்லை. மேகலா கேட்டபோது மாட்டேன் என்ற அதே கைதான். கடைசியில் முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு சிட்டிகை எள்ளை மணலில் கலந்தேன். பிறகு வீசினேன்.

எடுத்ததைப் பார்த்தால், பாதிப் படத்தை அவர் கட்டைவிரல் மறைத்துக்கொண்டு நிற்கிறது. மீதிப் பாதியில் ஏழு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள்.

பங்குனி 8, சனி

மேகலா வந்தாள். எள் பூத்திருக்கிறது, வெள்ளையாக, உள்ளே லேசான ஊதா. பஸ் விட்டு இறங்கியதும் வீட்டுக்கு வராமல் கொல்லைக்குத்தான் போனாள். பூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் சொல்லலாமா என்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு போனைக் கேட்டாள். நான் இந்த டைரியைக் கொடுத்தேன், மாசி 20 பக்கத்தைத் திறந்து. கொடுத்துவிட்டு ஆட்டிடம் போய்விட்டேன். இருக்கிற தழையை எல்லாம் ஒவ்வொரு இலையாக ஊட்டினேன்.

ரொம்ப நேரம் கழித்து வந்தாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"பத்திரமா இருக்குன்னு சொன்னியேம்மா."

"பதிமூணு பத்திரமா இருக்குடி."

உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சோறு வேண்டாம் என்றாள். அவங்கப்பா போய்க் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார். போனைக் கிணற்றில் போடச் சொன்ன விஷயத்தை அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு தடவை சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது. அழுகையாகவும் இருக்கலாம்.

பங்குனி 9, ஞாயிறு

காலையில் எழுந்து பதிமூன்றையும் வரிசையாக ஓட்டிப் பார்த்தாள். பிறகு மறுபடியும். நான் இட்லிக்கு ஊற்றிக்கொண்டே காதை அங்கே வைத்திருந்தேன். அய்யோ நெருஞ்சி, அய்யோ நெருஞ்சி என்று ஐந்தாறு தடவை கேட்டது.

அடுப்படிக்கு வந்து நின்றாள். நான் வைத்திருப்பது எல்லாமே அவள் தப்பாகிவிட்டது என்று தள்ளி வைத்த துண்டுகளாம். படம் எடுக்கிறவளின் நிழல் விழக் கூடாது, குரல் வரக் கூடாது, கை தெரியக் கூடாது என்பதுதான் அவர்களுக்குப் பாடமாம்.

"நல்லா வந்தது அத்தனையும் தூக்கிட்டு, இதையே ஏம்மா வச்ச?"

"நல்லாருந்தததான் வச்சேன்."

"பதிமூணுலயும் நான் இருக்கேம்மா. பாத்தியா?"

அப்படியா, நான் கவனிக்கவில்லை என்றேன். இட்லி குழைந்துவிடும் என்று திரும்பிக்கொண்டேன்.  அவள் கண் கலங்கியிருந்தது, அடுப்புப் புகை.

பிறகு ஒரு யோசனை சொன்னாள். மாசி 20 பக்கத்தை நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவள் பதிவு செய்வாள். நான் செய்த கூத்தை ஊருக்கே சொல்லவா என்று கேட்டேன். அதுதான் இனி படம் என்றாள். மின்விசிறியை நிறுத்தி, ஆட்டைத் தூரத்தில் கட்டி, போர்வைக்குள் உட்கார வைத்துப் படிக்க வைத்தாள். வேர்த்துக் கொட்டியது. எழுதியதைப் படிக்கும்போது அங்கங்கே வேறு மாதிரிச் சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை படிக்கவா என்று கேட்டேன்.

"வேணாம்மா. ஒண்ணு போதும்."

செங்கல்லில் எடுத்ததை எல்லாம் ஏற்றிக்கொண்டாள். ஆடு நக்கியதையும். அப்பாவின் கட்டைவிரலையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு காப்பி எடுத்தாள், ஒன்று லேப்டாப்பில், ஒன்று தீப்பெட்டி அளவு இருக்கிற ஒரு பெட்டியில்.

இந்தத் தடவை ஊறுகாயை மறக்கவில்லை.

பங்குனி 19, புதன்

படத்தைக் கொடுத்துவிட்டாளாம். எள் காய் பிடித்திருக்கிறது.

பங்குனி 28, வெள்ளி

திருச்சி போய் வந்தோம். அவங்கப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். பஸ்ஸில் ஒரு அம்மாள் கோழியோடு வந்தாள், அந்தக் கோழி துறையூர் வரை அவர் மடியையே பார்த்துக்கொண்டு வந்தது. அது வேறு கதை.

பெரிய அறை. விளக்கை அணைத்தார்கள். பிள்ளைகள் எடுத்த படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. ஒரு பையன் கொத்துப் பரோட்டா போடுகிறவரை எடுத்திருந்தான், ஒரு நிழல் கிடையாது, ஒரு ஆட்டம் கிடையாது, அவ்வளவு சுத்தம். நம்முடையதில் ஆடும் இருக்கிறது, ஆட்டமும் இருக்கிறது என்று அவங்கப்பா காதில் சொன்னேன்.

அப்புறம் இருட்டில் என் குரல் கேட்டது. "மாசி இருபது, செவ்வாய். இன்னைக்கிப் பெரிய வேல ஒண்ணு முடிச்சேன்." சுவர் அளவுக்கு என் கை. முறத்தில் கொண்டை நிழல். குறுக்கே வந்து மாவடு எடுக்கிற கை. நான் எதைச் சொல்லி எதை வைத்தேன் என்கிறேனோ அது அதே நேரத்தில் வருகிறது. குப்பையைக் காலி செய்த இடத்தில் படமே இல்லை, கறுப்பாக இருக்கிறது, என் குரல் மட்டும். அங்கே எல்லோரும் சிரித்தார்கள். நெருஞ்சியில் ஆடிய வானம் வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் நான் தரிசில் மணல் வீசுகிறேன், பாதியை மறைத்துக்கொண்டு கட்டைவிரல். அவங்கப்பா விரலைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

சென்னையிலிருந்து வந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். படத்தில் என்னென்ன குறை என்று நிறையச் சொன்னார்கள். ஆடுகிறது, சத்தம் சரியில்லை, ஒரு இடத்தில் வெளிச்சம் கூடி வெளுத்துவிட்டது. எனக்கு எழுந்து போய் அதெல்லாம் என் தப்பு என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அவங்கப்பா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

பிறகு அந்த அம்மா, இந்த மூணு வருஷப் படிப்பில் என்ன கற்றுக்கொண்டாய் என்று மேகலாவைக் கேட்டார்கள்.

"ரெண்டு காப்பி எடுக்கணும்னு மொத வகுப்புலயே சொன்னாங்க மேடம். போன மாசம்தான் கத்துக்கிட்டேன்."

அறையே சிரித்தது. இருந்ததை வைத்துப் படம் செய்யத் தெரிந்தவர்கள் எங்களுக்கு வேண்டும், வைகாசியில் வந்து மூன்று மாதம் உட்கார்ந்து பார், சரியாக வந்தால் அங்கேயே இருக்கலாம் என்றார்கள் அந்த அம்மா. மேகலா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நான் நன்றாகத்தான் சிரித்தேன்.

சென்னைக்கு எங்கள் ஊரிலிருந்து எவ்வளவு நேரம் என்று பஸ்ஸில் அவங்கப்பாவிடம் கேட்டேன். ஆறு மணி நேரம் என்றார். திருச்சி இரண்டு மணி நேரம்தான்.

சித்திரை 28, ஞாயிறு

எள் அறுத்துக் கட்டிப் போட்டாயிற்று. மேற்கே தரிசில் கோடை மழைக்கு ஏழு செடி முளைத்து நிற்கிறது, நான் போட்ட ஒரு சிட்டிகை. ஒன்றையொன்று இடித்துக்கொண்டுதான் நிற்கிறது. கலைக்கவில்லை.

அலமேலு வந்தாள். மேகலா கையால் தன் போனில் இருக்கிற தேவையில்லாததை எல்லாம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வைகாசி 22, வியாழன்

மேகலா திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள். ஒரு வாத்தியார் ஒரே பாடத்தை நாற்பது தடவை தப்புத் தப்பாகச் சொல்லியிருக்கிறாராம். அதில் நல்லதைப் பிரிப்பதுதான் முதல் வேலை. எதை வைப்பது என்று என்னிடம் கேட்டாள். முதலில் இரண்டு காப்பி எடுத்து வை என்றேன்.

தங்குகிற அறையில் ஜன்னல் விளிம்பில் போனைச் சாய்த்து, தினமும் காலையில் ஒரு நிமிஷம் எடுத்து அனுப்புகிறாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் அனுப்புகிறாள்.

இன்று போன் மறுபடியும் இடமில்லை என்றது. மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தேன். உரக்கடைக்காரர் அனுப்பிய வாழ்த்தை எல்லாம் எடுத்தேன். ஆட்டின் படத்தில் ஒன்றை வைத்து, மற்றதை எடுத்தேன்.

மேகலா அனுப்பியது நாலு. நாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. தலை வாருகிறாள், பையை மாட்டுகிறாள், கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள்.

நாலையும் வைத்திருக்கிறேன்.